டீட்ரிக்கின் இடது கண்

1996 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நியூ ஜெர்ஸியின் வெஸ்ட் வின்ட்சரில் டாக்டர் ஜம்புநாதனின் கண் கிளினிக்குக்கு நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். வயது அறுபத்தாறு. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இந்த அறைக்கு யார் விளக்குப் போட்டது? பிணவறையில்கூட இதைவிட நல்ல வெளிச்சம் இருக்கும்."

அங்கே வேலை பார்க்கும் பர்வதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டியூப்லைட்டைப் பற்றி அவளுக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆனால் ஆறு வருஷத்தில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. ஃபைலைப் பார்த்தாள். வாரன் டீட்ரிக். தொழில் என்ற இடத்தில் 'கேமரா' என்று ஒரே வார்த்தை.

டாக்டருக்கு முன்னால் நோயாளிகளின் கண்ணைச் சோதிக்கும் டெக்னீஷியன் பர்வதம். மதுரையில் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்து, அங்கேயே ஒரு கண் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள். கிராமத்து முகாம்களில் ஒரே நாளில் முந்நூறு பேருக்குக் கண் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி நியூ ஜெர்ஸிக்கு வந்து, இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி இந்த வேலையில் சேர்ந்தாள். டாக்டர் ஒருவரைப் பார்ப்பது ஐந்து நிமிஷம், அவள் பார்ப்பது அரைமணி நேரம். ஆனாலும் நோயாளிகள் போகும்போது நன்றி சொல்வது டாக்டருக்குத்தான். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. கண்ணைச் சோதிக்கும் வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என் மகள் அனுப்பினாள். நான் எரிந்து விழுகிறேனாம். கண் சரியில்லாவிட்டால் மனுஷனுக்கு எரிச்சல் வருமாம்."

எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். கடைசிக்கு மேலே இரண்டு வரி வரை தடுமாறாமல் படித்தார். அந்த வயதுக்கு நல்ல பார்வை. உள்ளே போனவரை டாக்டர் ஜம்புநாதன் விளக்கடித்துப் பார்த்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது, அவசரமில்லை, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. எழுத்து நன்றாகத் தெரியும் கண்ணில் எந்த டாக்டரும் கத்தி வைக்கமாட்டார்.

டீட்ரிக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, பர்வதத்திடம் என்று இல்லாமல் பொதுவாகக் கேட்டார்.

"என் கண் சரியாக இருந்தால், அப்புறம் ஏன் எல்லாரும் என் படம் நீலமாக இருக்கிறது என்கிறார்கள்?"

பர்வதத்துக்குச் சுருக்கென்றது. "யார் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அவர் நின்றபடியே சொன்னார். முப்பத்தைந்து வருஷமாக சினிமாவில் ஒளிப்பதிவாளர். போன வருஷக் கடைசியில் டெக்ஸாஸில் ஒரு படம் எடுத்து முடித்தார். எடுத்த படத்தை லேபில் ஒவ்வொரு காட்சியாக நிறம் சரிபார்த்துப் பிரின்ட் போட வேண்டும். அந்த வேலையை அவருக்கு இருபத்திரண்டு வருஷமாகச் செய்து தருபவள் டோலோரஸ் என்ற பெண்மணி. இந்தப் படத்தில் அந்திக் காட்சிகள் செத்துப்போய்க் கிடக்கின்றன, இன்னும் நீலம் ஏற்று என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே அதிகம் என்று அவள் சொன்னாள். ஆகஸ்டில் ஒருநாள் லேபில் எல்லார் முன்னாலும் இவர் அவளைப் பார்த்துக் கத்திவிட்டார். அவள் எழுந்து போய்விட்டாள். இப்போது டைரக்டரும் அவள் பக்கம்தான் பேசுகிறாராம்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுப்போய்விட்டதா?" என்றார் டீட்ரிக். கோபமாக ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது நிஜமான கேள்வியாக இருந்தது.

டெக்னீஷியன் டாக்டரைக் கேட்காமல் புதிதாக ஒரு சோதனை செய்யக்கூடாது. அது பர்வதத்துக்குத் தெரியும். இருந்தாலும் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த மரப்பெட்டியை வெளியே எடுத்தாள். அதில் எண்பத்தைந்து சின்ன வண்ண வில்லைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும். கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்ல வேண்டும்.

"இதற்கு அந்தப் பிணவறை விளக்கு ஆகாது. ஜன்னல் பக்கம் வாங்க," என்றாள்.

வடக்குப் பார்த்த ஜன்னல். ஒரு கண்ணை மூடிவிட்டு அவர் அடுக்க ஆரம்பித்தார். சிவப்பிலிருந்து மஞ்சள்வரை அவர் கை போன வேகத்தைப் பார்த்து பர்வதம் அசந்துபோனாள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அப்படி அடுக்கி அவள் பார்த்ததில்லை. சீட்டு அடுக்குவதுபோல் சட் சட்டென்று வைத்தார், ஒரு தப்பு கிடையாது. பச்சை தாண்டி நீலத்துக்கு வந்ததும் கை நின்றது. ஒரு வில்லையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஊதாவுக்கு வரும்போது நெற்றியில் வியர்வை. கடைசியில், "இதெல்லாம் ஒரே நிறம். பெட்டி தப்பு," என்றார்.

பர்வதம் வில்லைகளைத் திருப்பி, அடியில் இருந்த எண்களைக் காட்டினாள். முதல் இரண்டு வரிசையில் பிழையே இல்லை. நீல வரிசையில் எண்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. அடுத்த கண்ணிலும் அதே கதை.

"மிஸ்டர் டீட்ரிக், பெட்டி சரிதான். உங்க கண்ணுக்குள்ளே இருக்கற லென்ஸ் மஞ்சளாப் போயிருக்கு. மஞ்சள் கண்ணாடி போட்டுண்டு பார்க்கற மாதிரி. நீலம் உள்ளே வரவே இல்லை. அதான் இன்னும் ஏத்து, இன்னும் ஏத்துன்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கில ஆனதால உங்களுக்குத் தெரியலை."

அவர் வெகுநேரம் அந்த வில்லைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு, ஆறு இருக்கலாம்."

"அதற்குள் நான்கு படம் எடுத்திருக்கிறேன்."

டாக்டர் ஜம்புநாதனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. "பர்வதம், என்னைக் கேக்காம இதை ஏன் பண்ணினீங்க? பேஷன்ட் கிட்ட ரிசல்ட் சொல்றது உங்க வேலை இல்லையே."

"தப்புதான் டாக்டர். ஆனா சார்ட்டை மட்டும் பார்த்தா அவர் நார்மல். அவர் எழுத்துப் படிச்சுப் பிழைக்கறவர் இல்லை. நிறத்தை வெச்சுப் பிழைக்கறவர்."

டாக்டர் எண்களை எடுத்துப் பார்த்தார். "நவம்பர்ல ஆபரேஷனுக்கு டேட் குடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது, அவள் கணவர் ராமசுப்ரமணியன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். டெலிபோன் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுபவர். காலேஜ் நாளில் மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றையும் விட்டுவைக்காதவர்.

"வாரன் டீட்ரிக்கா? என்ன சொல்றே நீ! மீன்பிடி படகுல வேலை செய்யற அண்ணன் தம்பி கதை ஒண்ணு, அதை மூணு தரம் பாத்திருக்கேன். அந்த மனுஷன் வந்து உன் நாற்காலியில உக்காந்தாரா?"

"விளக்கு சரியில்லைன்னு திட்டினார்."

"அவர் திட்டினா சரியாத்தான் இருக்கும்."

அந்த சனிக்கிழமை அவர் கடைக்குப் போய் மூன்று வீடியோ கேசட் எடுத்துவந்தார். மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பர்வதம் ஆங்கிலப் படம் பார்ப்பவள் அல்ல, பேச்சு புரிவதற்குள் காட்சி மாறிவிடும். அன்றைக்குப் பேச்சைக் காதில் வாங்காமல் வெளிச்சத்தை மட்டும் பார்த்தாள். ஒரு சமையலறை. ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள். வெளியே மேகம் விலகுகிறது போலிருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து, ஈரமான அவள் மணிக்கட்டில் ஏறி, முகத்துக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் புருஷன் இனி வரமாட்டான் என்பது பர்வதத்துக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

பதினொரு வயது மகள் ரக்ஷா, "அம்மா, வை ஆர் யூ க்ரையிங்? நத்திங் ஹாப்பண்ட்," என்றாள்.

"என்னமோ ஆச்சுடி. நன்னாப் பாரு," என்றாள் பர்வதம்.

ஆபரேஷனுக்கு முன் நாலைந்து தடவை டீட்ரிக் அளவெடுக்க வந்துபோனார். சொட்டு மருந்து வேலை செய்யும்வரை இருட்டறையில் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பர்வதம் கேட்பாள், அவர் சொல்வார். பிறந்தது டெக்ஸாஸில் லபக் பக்கத்தில் ஒரு பருத்திப் பண்ணை. மரம் கிடையாது, மேடு கிடையாது, தட்டு மாதிரி தரையும் வானமும்தான். இருபத்தோரு வயதில் ராணுவம் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துக் கொரியாவுக்கு அனுப்பியது. பனியில் நடந்துபோகும் சிப்பாய்களைப் படம் எடுத்தபோதுதான், வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று தெரிந்துகொண்டாராம். திரும்பிவந்து ஒன்பது வருஷம் டிராக்டர் விளம்பரமும் பள்ளிக்கூடப் படமும் எடுத்தார். முதல் சினிமா கிடைத்தபோது வயது முப்பத்தொன்று.

"எந்தக் கண்ணை வெச்சுப் பார்ப்பீங்க கேமராவில?" என்று பர்வதம் ஒருநாள் கேட்டாள்.

"வலது. அதை நீங்கள் தொடக்கூடாது. முதலில் இடது கண்ணைச் செய்யுங்கள். கெட்டுப்போனால் அது போகட்டும்."

அந்தக் குரலில் இருந்த பயம் அவளுக்குப் புதிதல்ல. முகாமில் கண் காட்ட வந்த நெசவாளிகளிடமும் தையல்காரர்களிடமும் அதே பயத்தைப் பார்த்திருக்கிறாள். "சரி, இடதே பண்ணலாம்," என்றாள்.

நவம்பர் நடுவில், மஞ்சளான லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கும் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தவள் பர்வதம். பஞ்சை எடுத்ததும் டீட்ரிக் கண்ணைச் சிமிட்டினார். எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். "இந்தச் சுவர் வெள்ளையா?" என்றார்.

"எப்பவும் வெள்ளைதான்."

"நான் இதைக் க்ரீம் கலர் என்று நினைத்தேன்." பர்வதத்தின் சட்டையைப் பார்த்தார். "இது சாம்பல் இல்லையா?"

"நீலம்."

"என்னை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்."

கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப்போனாள். குளிர்காலத்துக் காலை, துடைத்துவைத்தாற்போல் வானம். அவர் அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார், எடுத்தார். வலது கண்ணை மூடினார், எடுத்தார். இப்படியே மாற்றி மாற்றி எத்தனை தடவை என்று பர்வதம் எண்ணவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். குளிரில் அவளுக்குக் கை விறைத்தது. கூப்பிட மனம் வரவில்லை.

"இந்தக் கண்ணில் டீ டிகாக்ஷன்," என்றார் கடைசியில், வலது கண்ணைத் தொட்டுக் காட்டி. "இதில்..." என்று ஆரம்பித்து, தரைக்குப் பக்கத்தில் வெளிறி, மேலே போகப்போக அடர்ந்து, உச்சியில் கருப்புக்குப் பக்கத்தில் போகும் நீலத்தைக் கையால் கீழிருந்து மேலே கோடிழுத்துக் காட்டினார். அவர் கையோடு பர்வதமும் பார்த்தாள். நல்ல கண் உள்ளவள்தான். பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்தவள்தான். ஆனாலும் அதில் அத்தனை படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவர் அன்றே லேபுக்கு ஓடத் துடித்தார். பர்வதம் விடவில்லை.

"புதுக் கண்ணுக்கு இப்போ எல்லாமே ஜாஸ்தி நீலமாத் தெரியும். ரெண்டு மாசம் ஆகணும் செட்டில் ஆக. இப்போ போய் மாத்தினீங்கன்னா, நீலம் குறைஞ்சு அந்தப் பக்கம் தப்பாயிடும்."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஜனவரி மத்தியில் கிளினிக்குக்கு போன் வந்தது. "என் வலது கண் ஒன்று சொல்கிறது, இடது கண் ஒன்று சொல்கிறது. இன்னொருவர் கண் வேண்டும். வருவீர்களா?"

டாக்டர் ஜம்புநாதன் தானே லீவு கொடுத்தார். "போயிட்டு வாங்க. வந்து எனக்கும் சொல்லுங்க," என்றார்.

ஃபோர்ட் லீ பக்கம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் இருந்தது லேப். உள்ளே முப்பது பேர் உட்காரும் சின்ன தியேட்டர். டோலோரஸ் அங்கே இருந்தாள். அறுபதை நெருங்கிய குள்ளமான பெண்மணி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. டீட்ரிக்கைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பர்வதம் நடுவில் உட்கார்ந்தாள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று டோலோரஸும் கேட்கவில்லை.

முதலில் ஆகஸ்டில் அவர் சொன்னபடி போட்ட பிரின்ட். பருத்திக் காட்டில் அந்தி. விதவை ஒருத்தி வீட்டு வாசலில் நின்று, காட்டுக்குள் போகும் மகனைப் பார்க்கிறாள். பேனா மையைத் தொட்டியில் கரைத்து அதற்குள் எல்லாரையும் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. பர்வதத்துக்கு வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"சொல்லுங்கள். அதற்குத்தான் கூப்பிட்டேன்."

"அந்த அம்மாவோட ஏப்ரன்கூட நீலமா இருக்கு," என்றாள். "முகம் செத்தவா முகம் மாதிரி."

டீட்ரிக் இடது கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்கு அழகாக இருக்கிறது," என்றார் மெல்ல. பிறகு வலது கண்ணை மூடினார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

டோலோரஸ் எழுந்து போய் இரண்டாவது ரீலைப் போடச் சொன்னாள். ஆகஸ்டில் அவள் சரியென்று சொல்லி, இவர் வேண்டாமென்று தள்ளிய அளவுகள். குறித்துவைத்த காகிதத்தை அவள் தூக்கிப் போடவில்லை. அதன்படி இந்த வாரம் புதிதாகப் பிரின்ட் எடுத்திருந்தாள்.

அதே அந்தி, அதே வாசல். இப்போது ஏப்ரன் வெள்ளையாக இருந்தது. அந்த நேரத்து வெள்ளை, விளக்கேற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில் துணிக்கு இருக்கும் வெள்ளை. பெண்ணின் கன்னத்தில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. காய்கள் வெடித்த பருத்தி வரிசை வரிசையாகச் சாம்பலாகிக்கொண்டே போய், மகன் நடந்துபோகும் தூரத்தில் மட்டும் நீலத்தில் கலந்தது. அவன் உருவம் எந்த இடத்தில் மறைந்தது என்று பர்வதத்தால் சொல்ல முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ரீல் ஓடி முடிந்து திரை வெறுமையானது.

டீட்ரிக் எழுந்தார். புரொஜெக்டர் அறையில் இருந்தவரைக் கீழே வரச் சொன்னார். வெளியே ரிசப்ஷனில் இருந்த பெண்ணையும், வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர்கள் ஒன்றும் புரியாமல் வந்து நின்றார்கள்.

"ஆகஸ்டில் உங்கள் எல்லார் முன்னாலும் டோலோரஸுக்குக் கண் தெரியவில்லை என்று கத்தினேன்," என்றார். "கண் தெரியாமல் இருந்தது எனக்கு. அவள் சொன்ன ஒவ்வொரு அளவும் சரி. எல்லார் முன்னாலும் சொன்னதால் எல்லார் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்."

டோலோரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான்காவது காட்சியில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று நினைக்கிறேன், வாரன். உனக்கு எப்படி?"

"முதலில் நீ சொல்," என்றார் அவர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். பர்வதம் பின்வரிசைக்குப் போய் சாயங்காலம்வரை இருந்தாள். ஒரு காட்சிக்கு அவர்கள் அரைமணி நேரம் விவாதித்த வித்தியாசம் சில சமயம் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. தெரியாததை எண்ணி அவளுக்கு வெட்கமாக இல்லை. மனிதக் கண் இவ்வளவு தூரம் போகுமா என்றுதான் பிரமிப்பாக இருந்தது. இத்தனை வருஷம் தான் தொட்டுச் சோதித்தது இதையா என்று நினைத்தபோது, மடியில் இருந்த தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

படம் அந்த வசந்தத்தில் வெளியாகி நன்றாக ஓடியது. கோடையில் டீட்ரிக் வலது கண்ணையும் ஆபரேஷனுக்கு நம்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும் சந்தர்ப்பம் குறைந்தது. 1999-இல் ராமசுப்ரமணியனுக்கு டெக்ஸாஸில் வேலை மாறி, குடும்பம் பிளேனோவுக்குக் குடிபோனது. பர்வதம் அங்கே ஒரு கண் கிளினிக்கில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதமே வண்ணச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்டுப் பிடிவாதமாக வாங்கவைத்தாள். பெயின்ட் கடைக்காரர், பூச்செடி நர்ஸரி வைத்திருப்பவர், துணி டிசைன் செய்பவர் என்று யார் வந்தாலும் எழுத்து அட்டையோடு விடமாட்டாள். "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்பதுதான் அவள் கேட்கும் முதல் கேள்வி.

2000 அக்டோபரில் டீட்ரிக்கிடமிருந்து போன் வந்தது. வயது எழுபது, லபக் பக்கத்தில் படம் எடுக்கிறார், குடும்பத்தோடு வர முடியுமா என்று கேட்டார். ஆறு மணி நேரம் டிரைவ். ராமசுப்ரமணியன் அந்த நிமிஷமே மேப்பை எடுத்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. நாலாபுறமும் பருத்தி. நடுவில் ஐம்பது அறுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வேலை செய்கிற மாதிரியே தெரியவில்லை. "வாட் ஆர் தே வெயிட்டிங் ஃபார்?" என்று ரக்ஷா கேட்டாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது.

"வெளிச்சத்துக்குடி," என்றார் அப்பா.

சூரியன் இறங்கியது. அப்போதும் ஒருவரும் எழவில்லை. பத்து நிமிஷம் போனது. டீட்ரிக் கேமராவுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்கைப் பார்த்து நின்றார். திடீரென்று கையைத் தூக்கினார். அறுபது பேரும் ஒரு சத்தமில்லாமல் எழுந்தார்கள். காட்டின் மறுமுனையிலிருந்து ஒரு பெண் நடந்துவர ஆரம்பித்தாள். அவள் நடந்துவர வர, தரையிலிருந்து வெளிச்சம் வடிந்து வானத்துக்குப் போனது. நிழலென்று ஒன்று எங்கேயும் இல்லை, எல்லாப் பொருளும் உள்ளுக்குள்ளிருந்தே ஒளிர்வதுபோல் இருந்தது. ராமசுப்ரமணியன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு நிமிஷம் இருக்கும். டீட்ரிக் கையை இறக்கினார்.

ஆட்கள் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள், லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. டீட்ரிக் மட்டும் கேமராவை விட்டு நாலு அடி தள்ளிப்போய், வெறுங்கண்ணோடு மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷூட்டிங்தான் முடிஞ்சுடுத்தே. இன்னும் என்ன பார்க்கறார்?" என்று ராமசுப்ரமணியன் கேட்டார்.

பர்வதம் டீட்ரிக்கின் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ரக்ஷாவும் வந்து நின்றாள். கேமரா நின்ற பிறகும் அந்த வானம் மாறிக்கொண்டேதான் இருந்தது.